பாரா, வழிக்காவல், தபால்: சென்னையில் ஒரு புதுக் காவலரின் முதல் ஆண்டுகள்

தெருவில் ஒரு பையன் போலீஸில் சேர்ந்துவிட்டான் என்றால் அடுத்த வாரமே அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பைக் தொலைந்துபோச்சு, வாடகைக்கு இருப்பவர் காலி பண்ண மாட்டேன் என்கிறார், கொடுத்த மனு எந்த நிலையில் இருக்கு என்று கேட்டுச் சொல்லு. அவனால் எதுவும் செய்ய முடியாது. காரணம், அவன் ஸ்டேஷன் பக்கமே போகப்போவதில்லை. தமிழகத்தில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேருகிறவர் முதலில் போவது ஆயுதப்படைக்கோ தமிழ்நாடு சிறப்புக் காவல்படை பட்டாலியனுக்கோதான். சட்டம் ஒழுங்குக் காவல் நிலையம் அவருக்கு வாய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் புதுக் காவலரின் வேலையைப் புரிந்துகொள்ள முடியாது. அந்த வேலையில் தப்புகள் எங்கே விழுகின்றன என்பதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

தேர்வுக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1991இல் அமைந்த தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம்தான் ஆள் எடுக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்று பணிகளுக்கும் ஒரே பொதுத் தேர்வு. தகுதி பத்தாம் வகுப்பு என்றாலும் வரிசையில் நிற்பவர்களில் பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் ஏராளம். அண்மை ஆண்டுகளின் முறைப்படி, தமிழ் மொழித் தகுதித் தேர்வில் 80க்கு 32 எடுக்காதவருடைய முதன்மைத் தாள் கணக்கில் வராது. முதன்மைத் தாளுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6 மதிப்பெண். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில். அடிப்படை ஊதியம் 18,200 ரூபாயில் தொடங்கும்.

பிறகு ஏழு மாத அடிப்படைப் பயிற்சி. விடியுமுன் உடற்பயிற்சி, அதன்பின் கவாத்து, லத்திப் பயிற்சி, ஆயுதம் பிரித்துச் சேர்த்தல், துப்பாக்கி சுடுதல், கலவரக் கூட்டத்தைக் கலைக்கும் ஒத்திகை. இடையிடையே வகுப்பறையில் சட்டம், காவல் நிலை ஆணைகள், முதலுதவி. கடைசியில் ஒரு மாதம் காவல் நிலையத்தில் நடைமுறைப் பயிற்சி. இந்த ஒரு மாதத்தில்தான் பயிற்சிக் காவலர் முதன்முதலாக முதல் தகவல் அறிக்கை எப்படிப் பதிவாகிறது, பொது நாட்குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்று கண்ணால் பார்க்கிறார். பார்த்து முடித்த கையோடு ஆயுதப்படைக்குப் போய்விடுகிறார். மறுபடி அந்த நாட்குறிப்பைத் தொடுவதற்குள் படித்தது பாதி மறந்திருக்கும். போதாததற்கு 2024 ஜூலை 1 முதல் சட்டங்களே மாறிவிட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டன. பழைய சட்டத்தில் பயிற்சி முடித்துப் பட்டாலியனில் இருந்தவர் புதுச் சட்டம் ஓடும் ஸ்டேஷனுக்கு வருகிறார். இடையில் நடக்கும் புத்தாக்கப் பயிற்சி இந்த இடைவெளியை நிரப்பப் போதாது. பயிற்சியில் குறை என்பதைவிடப் பணி ஒதுக்கும் வரிசையில்தான் குறை.

ஆயுதப்படை நாட்கள்

சென்னை மாநகரில் ஆயுதப்படை என்றால் புதுப்பேட்டையும் பரங்கிமலையும். எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் கவாத்துக்கும் அணிவகுப்புக்கும் பழகிய இடம். பட்டாலியன்கள் ஆவடியிலும் வீராபுரத்திலும் இருக்கின்றன. 2022 ஜனவரி முதல் ஆவடியும் தாம்பரமும் தனித்தனி மாநகரக் காவல் ஆணையரகங்கள். ஆகவே 'சென்னையில் போஸ்டிங்' என்று வீட்டில் சொல்லிக்கொண்டாலும் உத்தரவு எந்த ஆணையரகத்துக்கு என்று பார்த்துக்கொண்டுதான் வீடு பிடிக்க வேண்டும். புதுப்பேட்டையில் விடிகாலை ரோல் கால் வைத்தால் ஊரப்பாக்கத்தில் வாடகை குறைவு என்று போய்த் தங்கியவருக்கு முதல் மின்சார ரயிலும் கைகொடுக்காது. மணமாகாதவர்கள் பெரும்பாலும் படைக் குடியிருப்பிலோ நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்த அறையிலோ தங்குவது இதனால்தான்.

ஆயுதப்படையில் முதல் பாடம் பாரா, அதாவது ஓர் இடத்தில் முறை வைத்து நின்று காவல் காப்பது. ஒரு முக்கிய அலுவலகம், கருவூலம், நீதிபதி வீடு, ஆயுதக் கிடங்கு, எதுவானாலும் ஒரு தலைமைக் காவலரும் மூன்று காவலரும் கொண்ட காவல் அணி நின்றால் கணக்கு எளிது. ஒருவர் இரண்டு மணி நேரம் நிற்பார், நான்கு மணி நேரம் ஓய்வு. ஒரு நாளைக்கு நான்கு முறை, மொத்தம் எட்டு மணி நேரம் நின்றாக வேண்டும். எட்டு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் தொடர்ச்சியான தூக்கம் எந்த நாளும் நான்கு மணி நேரத்தைத் தாண்டாது. சாப்பாடு, குளியல், துணி துவைப்பது எல்லாம் அந்த நான்குக்குள்தான். இரவு 2 முதல் 4 வரை நிற்பவர்தான் அதிகம் மாட்டுவார். சுற்றுக்கு வரும் அதிகாரிக்கும் அந்த நேரம் தெரியும். பழகிய ஏட்டய்யா இந்த நேரத்தை ஒருவருக்கே தொடர்ந்து போடாமல் தினமும் மாற்றிவிடுவார்.

பாராவில் கவனிக்க வேண்டியது ஆள் மாறும் அந்த இரண்டு நிமிடம்தான். துப்பாக்கியை வாங்கும்போது மேகசினைக் கழற்றி, அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை எண்ணி, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'அதே இருபதுதான், போ' என்று முந்தையவர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த மாற்றத்தில் பத்தொன்பது இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான். துப்பாக்கி தவறுதலாக வெடிப்பதும் பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான். மேகசினைக் கழற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் அறையில் ஏறியிருக்கும் ஒரு தோட்டாவை மறந்துவிடுவார்கள். முனை வானத்தையோ மணல் மூட்டையையோ பார்த்திருந்தால் சத்தத்தோடு போகும். அறைக்குள் உட்கார்ந்தபடி துடைத்துக்கொண்டிருந்தால் உயிர் போகும்.

அடுத்தது வழிக்காவல். புழல் சிறையிலிருந்து கைதியை எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களுக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவது. புதியவர்களின் வேலைக்கே உலை வைக்கக்கூடிய பணி இதுதான். கைதி தப்பினால் துறை நடவடிக்கையோடு நிற்காது. காவலில் இருப்பவரை அலட்சியத்தால் தப்பவிடும் அரசு ஊழியர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 261ஆம் பிரிவு பாயும்.

தப்பிப்பது பெரும்பாலும் சண்டை போட்டு அல்ல. கழிப்பறை, சாப்பாடு, உறவினர், இந்த மூன்று வழிகளில்தான். நீதிமன்ற வளாகக் கழிப்பறையில் பின்பக்க ஜன்னல் இருக்கிறதா என்று கைதியை உள்ளே விடுமுன் பார்க்க வேண்டும். கதவைத் தாழிட விடக் கூடாது. வாசலில் காத்திருக்கும் உறவினர் பிரியாணிப் பொட்டலத்தோடு, 'சார், காலையிலேர்ந்து சாப்பிடலை சார், குழந்தையப் பார்க்கட்டும் சார்' என்று கெஞ்சுவார். அவருடைய அழுகை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பொட்டலத்துக்குள் செல்போனோ சிம் கார்டோ கஞ்சாவோ வந்தால் சிறை வாசல் சோதனையில் சிக்குவது கைதி, விளக்கம் எழுதுவது காவலர். கைவிலங்கு விஷயத்திலும் புதியவர்கள் குழம்புவார்கள். எல்லோருக்கும் போடு என்று ஒரு மூத்தவர் சொல்வார், யாருக்கும் போடாதே என்று இன்னொருவர் சொல்வார். 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழக்கமாக விலங்கிடுவதைக் கண்டித்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43(3) பிரிவு கொலை, பாலியல் வன்கொடுமை, பயங்கரவாதம் போன்ற குறிப்பிட்ட குற்றங்களிலும், காவலிலிருந்து தப்பிய முன்வரலாறு உள்ளவர்களுக்கும், தொடர் குற்றவாளிகளுக்கும் விலங்கிட இடம் கொடுக்கிறது. ஆகவே புறப்படுமுன்பே யார் மீது என்ன வழக்கு என்று வாரண்டைப் படித்துவிட்டு, விலங்கு வேண்டுமா என்பதை அணித் தலைவரிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்வதுதான் பாதுகாப்பு.

கூட்டத்தின் முன்னால்

சென்னை ஆயுதப்படைக் காவலரின் நாட்காட்டியைப் பந்தோபஸ்துதான் எழுதுகிறது. ஜனவரியில் காணும் பொங்கலுக்கு மெரினா. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர். கோடையில் சேப்பாக்கம் கிரிக்கெட். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ பட்டினப்பாக்கம், காசிமேடு, நீலாங்கரைக் கடற்கரைகளில் விநாயகர் சிலை கரைப்பு. செப்டம்பர் 8இல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில். தீபாவளிக்கு முன்பு தி.நகர் ரங்கநாதன் தெரு. இவற்றோடு சட்டமன்றம் கூடினால் கோட்டையைச் சுற்றி, ஆர்ப்பாட்டம் என்றால் வள்ளுவர் கோட்டமோ ராஜரத்தினம் மைதானமோ. 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஐந்து நாள் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும் என்பதால், பந்தோபஸ்துத் திட்டம் போட அதிகாரிகளுக்கு அவகாசம் கிடைக்கிறது. காவலருக்குத்தான் கிடைக்காது. அவருக்கு முந்தின இரவு வாட்ஸ்அப் குழுவில் இடமும் நேரமும் வரும், அவ்வளவே.

நிகழ்ச்சி மாலையில் என்றால் காவலர் நிற்கத் தொடங்குவது மதியத்தில். தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ் அல்லது உப்பு-சர்க்கரைக் கரைசல், ஒரு பிஸ்கட் பாக்கெட், பவர் பேங்க், மழைக்காலத்தில் மாற்றுக் காலுறை, இவை இல்லாமல் பந்தோபஸ்துக்குப் போகக் கூடாது என்பது பழகியவர்கள் சொல்லும் முதல் விதி. சாப்பாட்டுப் பொட்டலம் வரும், ஆனால் கடைசி செக்டாருக்கு (பந்தோபஸ்துக்காகப் பிரித்த பகுதிக்கு) வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். பெண் காவலர்களுக்குக் கழிப்பறை இன்னொரு கடும் பிரச்சினை. முக்கியப் பிரமுகர்கள் போகும் சாலையோரங்களில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் அறிவுறுத்தல் வந்ததற்குக் காரணமே அதுதான். கடற்கரை, திருவிழாப் பந்தோபஸ்துகளில் இன்றும் எந்தக் கடையில், எந்த வீட்டில் கேட்கலாம் என்பதை அவரவரே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கூட்டத்தைப் பற்றிப் பயிற்சிப் பள்ளி சொல்லித் தருவது பெரும்பாலும் கலைப்பது எப்படி என்றுதான். சென்னையில் தேவைப்படுவது அதற்கு நேர்மாறு: கலையும் கூட்டத்தை நெரிசலில்லாமல் வெளியே அனுப்புவது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி முடிந்த வெயில் வேளையில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். பறக்கும் ரயில் நிலையங்களும் உள்சாலைகளும் திணறின. அன்று ஐந்து பேர் இறந்தார்கள். வரும்போது கூட்டம் நான்கைந்து மணி நேரத்தில் சிறிது சிறிதாக வருகிறது, போகும்போது அரை மணி நேரத்தில் போகப் பார்க்கிறது. பந்தோபஸ்துக் காவலர் களைத்திருப்பதும் அந்த அரை மணி நேரத்தில்தான். 'முடிஞ்சுது, ஏறுங்கப்பா வண்டியில' என்று மனம் சொல்லும் நேரமும் அதுதான்.

இன்னொன்று, நெரிசலின் அழுத்தம் பின்னாலிருந்து வருகிறது. முன்வரிசையில் இருப்பவரைப் பார்த்து 'பின்னாடி போங்க' என்று கத்துவதால் பயனில்லை, அவரால் நகர முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கும் பத்துப் பேரைவிட, நூறடி பின்னால் வருகிறவர்களை நிறுத்திவைக்கும் இரண்டு பேரே அதிகம் உதவுவார்கள். முன்வரிசைக் காவலர் செய்ய வேண்டியது, மூச்சு முட்டும் முகங்களைக் கண்டவுடன் மைக்கில், அதாவது வயர்லெஸ்ஸில், சொல்லிப் பின்வரிசையை நிறுத்தச் செய்வது. அதற்குத் தன் செக்டார் அதிகாரி யார், எந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நுழையும், அருகில் எந்த மருத்துவமனை என்ற மூன்றும் நிற்கத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டும். காணும் பொங்கலன்று குழந்தைகளின் கையில் பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டை கட்டுவது சின்ன வேலை மாதிரித் தெரியும். அந்த எண்ணை ஒருமுறை அழைத்துச் சரிபார்க்காமல் கட்டினால் பட்டையால் எந்தப் பயனும் இல்லை.

ஸ்டேஷனுக்கு வந்தபின்

ஆயுதப்படையிலிருந்து சட்டம் ஒழுங்குக்கு மாறுதல் வந்து, டி-1 திருவல்லிக்கேணியோ ஆர்-1 மாம்பலமோ கே-4 அண்ணா நகரோ, ஒரு நிலையத்தில் பணியேற்கும் காவலர் வயதில் பெரியவராக இருக்கலாம், ஸ்டேஷன் வேலையில் அவர் புதியவர். பெரும்பாலான சென்னை நிலையங்களில் சட்டம் ஒழுங்கு, குற்றம் என்று தனித்தனி ஆய்வாளர்கள். பலகையில் பெயர் யாருடையதாக இருந்தாலும், புதியவரின் அன்றாடத்தை நிர்ணயிப்பவர் ரைட்டர். பதிவேடுகளும் தபாலும் பணிப் பட்டியலும் அவர் கையில். அவரோடு ஒரு மாதம் உட்கார்ந்து எழுத்துவேலை கற்றவர் பின்னால் எந்த நிலையத்திலும் பிழைத்துக்கொள்வார். எழுத்துவேலை வேண்டாம், ரோந்து போதும் என்று நழுவுகிறவர்தான் ஐந்தாறு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் திணறுவார்.

எல்லாவற்றுக்கும் அடி பொது நாட்குறிப்பு. யார் எத்தனை மணிக்கு எதற்குப் புறப்பட்டார், எப்போது திரும்பினார், யார் அழைத்துவரப்பட்டார், யாரிடம் சாவி ஒப்படைக்கப்பட்டது எல்லாம் அதில் நேர வரிசையில் ஏற வேண்டும். பணி முடியும்போது மொத்தமாக நினைவிலிருந்து எழுதுவதும், 'அப்புறம் நிரப்பிக்கலாம்' என்று இரண்டு வரி காலியாக விடுவதும்தான் வழக்கமான தப்புகள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கும் நாளில், கை எழுத்தும் மையும் மாறிய அந்த இரண்டு வரி வழக்கையே கவிழ்க்கும்.

எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். கொண்டுபோவதை எடுத்துக்கொள்வோம். ஸ்டேஷனில் மிக இளையவரிடம் கொடுக்கப்படும் வேலை இது. இரவு பதினொன்றுக்கு ஒரு கொலை, பன்னிரண்டரைக்கு வழக்குப் பதிவு என்று வையுங்கள். புகாரின் அசலும் முதல் தகவல் அறிக்கையும் தாமதமில்லாமல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) போய்ச் சேர வேண்டும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 176ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 157. நள்ளிரவில் நீதிமன்றம் கிடையாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். அறிக்கைப் படிவத்தின் கடைசியில், நீதிமன்றத்துக்கு அனுப்பிய நாளும் நேரமும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நடுவர் வாங்கியதும் தன் கையெழுத்தோடு நேரம் எழுதுவார். இந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி முழுக்க அந்தக் காவலருடைய பொறுப்பு. ஒன்றரைக்குப் புறப்பட்டுக் காலை ஆறுக்குக் கொடுத்திருந்தால், நான்கைந்து ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் கேள்வி வரும்: 'எட்டு கிலோமீட்டர் தூரம் போக நாலரை மணி நேரமா? அப்படியானால் இந்த அறிக்கை காலையில் யோசித்து எழுதி, இரவு நேரம் போட்டதுதானே?'

உண்மைக் காரணம் சாதாரணமாக இருக்கும். நடுவர் விடுப்பில் இருந்திருப்பார், பொறுப்பு நடுவரின் வீடு வேறு பக்கம். அல்லது குடியிருப்பு மாறியிருக்கும். அல்லது கேட்டில் காவலாளி 'அம்மா தூங்குறாங்க, காலைல வாங்க' என்றிருப்பார். இது எதையும் அன்றிரவே நாட்குறிப்பில் எழுதாவிட்டால் சாட்சிக் கூண்டில் சொன்னால் எடுபடாது. கிளம்புமுன் பொறுப்பு நடுவர் யார், எங்கே குடியிருக்கிறார் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கேட்டில் நிறுத்தப்பட்டால் அந்த நொடியே ஸ்டேஷனுக்கு மைக்கிலோ போனிலோ சொல்லி நேரத்தைப் பதிய வைக்க வேண்டும். திரும்பியதும் கொடுத்த நேரத்தோடு காரணத்தையும் எழுத வேண்டும். பதினைந்து நிமிட எழுத்துவேலைதான்.

பிரேதத்தோடு போவதும் இப்படித்தான். ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, எந்த அரசு மருத்துவமனையானாலும் பிணவறை வரை உடலோடு போய், பிரேதப் பரிசோதனைக்கான வேண்டுகோளை மருத்துவரிடம் கொடுத்து, முடிந்ததும் உடலை உறவினரிடம் ஒப்படைத்து, உடலில் இருந்த துணிகளை வாங்கிவந்து, வழக்குப் பொருட்களை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95இல் ஏற்றச் செய்ய வேண்டும். துணியை வாங்கியவுடன் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் முடிந்து வைப்பதுதான் பரவலாக நடக்கும் தப்பு. சென்னைப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும், இரத்தக் கறையில் இருக்கும் மரபணுத் தடயம் சிதையும். நிழலில் காற்றாட உலர்த்தி, காகித உறையில் போட்டு, முத்திரை வைத்து அனுப்பினால்தான் மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அதில் பார்க்க ஏதாவது இருக்கும். உள்ளுறுப்புப் பாட்டில்களை வாங்கும்போது மூடி கசிகிறதா, முத்திரை முழுதாக இருக்கிறதா, சீட்டில் உள்ள பெயரும் குற்ற எண்ணும் வேண்டுகோளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பிணவறையிலேயே பார்த்துவிட வேண்டும். ஆய்வகக் கவுண்டரில் முத்திரை உடைந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் அலைச்சல் ஒரு பக்கம், இடைவழியில் யார் தொட்டார்கள் என்ற கேள்வி இன்னொரு பக்கம்.

புதுச் சட்டம் இளைய காவலருக்கு இன்னொரு வேலையைக் கொடுத்திருக்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்தாக வேண்டும். 'தம்பி, உனக்குத்தான் போன் நல்லாத் தெரியும், நீ புடி' என்று கேமரா அவர் கைக்கு வந்துவிடும். பீரோவைத் திறந்தபிறகு பதிவைத் தொடங்குவது, நகையை மட்டும் நெருக்கமாகக் காட்டிவிட்டுச் சாட்சிகளின் முகத்தைக் காட்டாமல் விடுவது, நடுவில் வந்த அழைப்பால் பதிவு அறுபடுவது என்று தப்புகள் இதில் வரிசை கட்டும். வாசலில் நின்று இடம், நாள், நேரம், உள்ளே போகிறவர்கள் பெயர் சொல்லித் தொடங்கி, பொருளுக்கு முத்திரை வைத்துக் கையெழுத்து வாங்கும் வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். போனை முன்பே ஃபிளைட் மோடில் போட்டுவிட வேண்டும். அதைவிடப் பெரிய தப்பு, எடுத்ததை ஆய்வாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழிப்பது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். போய்ச் சேர்வது வேறொரு கோப்பு. சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்புக்குக் கைரேகை மாதிரியான ஒரு குறியீட்டை) குறிப்பிட வேண்டும். அசல் இல்லாவிட்டால் எந்தக் கோப்பின் மதிப்பை எழுதுவது? துறைக்கென உள்ள இ-சாக்ஷ்யா செயலியில் நேரடியாகப் பதிவு செய்தால் இந்தத் தலைவலி இல்லை. சொந்தப் போனில் எடுத்தால் வழக்கு முடியும்வரை அந்தப் போனையே நீதிமன்றம் கேட்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரோந்து, சம்மன் கொடுப்பது, வாரண்டு நிறைவேற்றுவது, பூட்டிய வீடுகளைப் பார்த்துவருவது ஆகியவற்றில் புதியவர்கள் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். ரோந்து வந்ததற்கு அடையாளமாக அங்கங்கே வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்திடுவதில் மட்டும் ஓர் எச்சரிக்கை: மூன்று இடத்துக் கையெழுத்தை ஒரே சுற்றில் முன்கூட்டிப் போட்டுவைத்த இரவில்தான் அந்தத் தெருவில் திருட்டு நடக்கும். எதிர்க்கடை சிசிடிவி கேமரா அவர் வராததைக் காட்டிக்கொடுக்கும்.

கைது, காவல், 'மேலே இருந்து சொன்னாங்க'

கைது செய்யும் அதிகாரம் ஆய்வாளருக்கு மட்டும் உள்ளதல்ல. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு எந்தக் காவல் அலுவலருக்கும் அதைத் தருகிறது, இரண்டாம் நிலைக் காவலர் உட்பட. அதோடு வரும் கட்டுப்பாடுகளும் அவருக்குச் சேர்த்துத்தான். சட்டையில் பெயர்ப்பட்டை தெளிவாக இருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமாக இருந்து, ஆள் 60 வயதைத் தாண்டியவராகவோ உடல் நலிந்தவராகவோ இருந்தால் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். பெண்ணைச் சூரியன் மறைந்தபின் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதி பெற்றுத்தான் செய்ய முடியும்.

இவையெல்லாம் தேர்வுக்குப் படித்தவைதான். ஸ்டேஷனில் இரவு பன்னிரண்டு மணிக்குப் பாராவில் நிற்கும்போது உள்ளே ஒருவரை அடிக்கும் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பது தேர்வில் வராத கேள்வி. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், அந்த நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் நடுவரிடம் கொடுத்த வாக்குமூலம்தான் முதல் திருப்பம். நிலையத்தின் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததையும் நடுவரின் விசாரணை வெளிக்கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதும் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 'மேலே இருந்து சொன்னாங்க' என்பது சட்டத்துக்குப் புறம்பான செயலுக்குப் பாதுகாப்பு அல்ல. அழைத்துவரப்பட்டவர் எத்தனை மணிக்கு வந்தார், அப்போது உடலில் காயம் இருந்ததா, மருத்துவப் பரிசோதனைக்கு எப்போது போனார் என்பதைத் தன் பாரா நேரத்துக்குள் நேர்மையாக எழுதிவைப்பது ஓர் இளைய காவலரால் செய்ய முடிந்தது. அதைச் செய்தவருக்கு ஸ்டேஷனில் சில மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

விடுப்பு, மெமோ, அடுத்த படி

கடைநிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு தர 2021 நவம்பரில் அரசாணை வந்தது. காகிதத்தில் உரிமை இருக்கிறது, நடைமுறையில் பந்தோபஸ்து வந்தால் ஓய்வு தள்ளிப்போகும். தள்ளிப்போன ஓய்வு பெரும்பாலும் திரும்பி வராது. சங்கம் வைத்துக் கேட்க வழியில்லை: 1966ஆம் ஆண்டுச் சட்டம் காவல்துறையினரின் சங்க உரிமையைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே எழுத்தில் கேட்பதுதான் ஒரே வழி. வாய்ச்சொல்லாக 'போய்ட்டு வா' என்று சொன்னதை நம்பி ஊருக்குப் போய் மெமோ வாங்கியவர்கள் எல்லாப் படைப்பிரிவிலும் உண்டு. உடல்நிலை சரியில்லை என்றால் அன்றே தகவல் தந்து மருத்துவச் சான்று அனுப்ப வேண்டும். தொடர்ந்து 21 நாள் தகவலின்றி வராவிட்டால் பணியை விட்டோடியவர் என்று பதிவாகிவிடும். துறையின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் சிறு தவறுகளுக்கு 3(அ), பெரியவற்றுக்கு 3(ஆ) குற்றச்சாட்டு. சிறிய தண்டனையானாலும் பதவி உயர்வுப் பட்டியல் வரும் ஆண்டில் அது எதிரே வந்து நிற்கும் என்பதால், விளக்கக் கடிதத்தை நண்பர் எழுதிக்கொடுத்த மாதிரியைப் பார்த்து நகலெடுக்காமல், நாட்குறிப்புப் பதிவையும் நேரத்தையும் சுட்டி எழுதுவது நல்லது.

அதிகாரிகளின் வீடுகளில் எடுபிடி வேலை செய்யும் ஆர்டர்லி முறை தமிழகத்தில் 1979இலேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கடுமையாக நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதிலிருந்து மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக் காவலராக நெடுங்கால வழக்கம் பத்து ஆண்டு, தலைமைக் காவலராகப் பதினைந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக இருபத்தைந்து. இந்தக் கால அளவுகளை அரசு அவ்வப்போது தளர்த்துவதுண்டு. காத்திருக்கப் பொறுமையில்லாதவருக்கு இருக்கும் ஒரே குறுக்கு வழி உதவி ஆய்வாளர் தேர்வு. நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு துறையினருக்கு ஒதுக்கப்படுகிறது. பட்டமும் ஐந்து ஆண்டுப் பணியும் இருக்க வேண்டும். பாரா அணியில் கிடைக்கும் அந்த நான்கு மணி நேர ஓய்வுகளில் இதற்குப் படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டு முடிவதும் தேர்வு அறிவிப்பு வருவதும் ஒத்துப்போகாமல் சில வாரங்களில் ஒரு வாய்ப்பை இழப்பவர்களும் உண்டு. பணியேற்ற நாள் பணிப் பதிவேட்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்பதைச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அறிவிப்பு வந்த வாரத்திலேயே தடையின்மைச் சான்றுக்கு அலுவலகத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.